பதிலுக்குக் காத்திருக்கும் குரல்

மீஞ்சூரைத் தாண்டிக் கிழக்கே போகும் சாலை, கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் கடந்து ஒரு நீண்ட மணற்பட்டையில் இறங்குகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் உவர்நீர். தெற்கே எண்ணூர், வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம். திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் அடங்கிய இந்தப் பட்டையில்தான் காட்டுப்பள்ளி இருக்கிறது. கடலில் வலை போடுகிறவர்கள், ஏரியிலும் ஆற்றிலும் இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள், எந்த ஊருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று ‘பாடு’ முறையில் பேசி வைத்துத் தொழில் செய்கிறவர்கள் என்று பல வகை மீனவக் குடும்பங்கள் இந்தக் கரையிலும் ஏரியைச் சுற்றியும் வாழ்கின்றன.

இந்த நூற்றாண்டு பிறந்ததிலிருந்து பட்டையின் முகம் மாறிவிட்டது. 2001-இல் எண்ணூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. இன்று அது காமராஜர் துறைமுகம். 2010-இல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2013-இல் எல் அண்ட் டி நிறுவனத்தின் காட்டுப்பள்ளித் துறைமுகம் வேலையைத் தொடங்கியது. 2018-இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. இவற்றோடு சேர்ந்து ஆங்கிலமும் ஊருக்குள் வந்தது. வாயிற்கதவில் எழுதிய அறிவிப்பு, ஒப்பந்த வேலைக்கான விண்ணப்பம், பாதுகாப்புப் பயிற்சி, கப்பலும் துறைமுகமும் வி.எச்.எஃப். கருவியில் பேசிக்கொள்ளும் பேச்சு, நிலத்தைப் பற்றிய வழக்கின் மனு எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22 அன்று மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் மறுபடி அறிவித்து மறுபடி தள்ளிவைத்தார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு அடிப்படையான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். 2006-ஆம் ஆண்டின் விதிப்படி அதன் சுருக்கம் மட்டுமே உள்ளூர் மொழியில் கிடைத்தாக வேண்டும். 2020-இல் அந்த விதியையே மாற்றும் வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

இதில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரின் கடலையும் கரையையும் பற்றிய ஆவணத்தை முழுதாகத் தமிழில் கொடுப்பது அரசின் கடமை. மீனவரின் பிள்ளை ஆங்கிலம் கற்றுக்கொண்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும். துறைமுக அலுவலகத்தில் நேர்காணலுக்குப் போகவும், பொறியியல் கல்லூரியின் முதல் வருடத்தில் வாய் பொத்தி உட்காராமல் இருக்கவும், தன் ஊரைப் பற்றி வேறொருவர் எழுதியதைத் தானே படித்துப் பார்க்கவும் வேண்டும். அதற்கு எளிய வழியாகப் பலரும் சொல்வது, ‘இங்கிலீஷ் நியூஸ் பாரு, இங்கிலீஷ் படம் பாரு, தானாக வந்துவிடும்’ என்பது. இந்த அறிவுரையில் எவ்வளவு உண்மை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாடு இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு விதத்தில் விடை சொல்லியிருக்கிறது. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் சுமார் 1.6 கோடிப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. உலகத்தில் வேறு எந்த மாநில அரசும் இவ்வளவு வீடுகளில் திரையை வைத்ததாகத் தெரியவில்லை. ஓலைக் குடிசைகளிலும் சுனாமிக் குடியிருப்புகளிலும் பெட்டி வந்தது. 2011-க்குப் பிறகு அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் தொலைக்காட்சியோடு வளர்ந்தார்கள். ஆங்கிலம் அவர்களுக்கு வரவில்லை. வர வழியும் இல்லை, ஏனென்றால் அந்தப் பெட்டியில் அவர்கள் பார்த்த நிகழ்ச்சிகளில் ஆங்கிலம் அரிதாகவே ஒலித்தது. 2007-இல் சுட்டி டிவி வந்தது. ஆங்கிலக் கார்ட்டூன்களும் ஜப்பானியக் கார்ட்டூன்களும் தமிழ்க் குரலில் பேசின. விலங்குகளைப் பற்றிய ஆவணப் படங்களும் தமிழ் பேசத் தொடங்கின. குழந்தையின் மகிழ்ச்சிக்கும் அறிவுக்கும் அது நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆங்கில ஒலி காதில் விழுவதற்கு இருந்த ஒரே வாசலும் அதனால் அடைபட்டது.

அந்த வாசல் திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நெதர்லாந்து நல்ல சான்று. பழவேற்காட்டுக்காரர்களுக்கு டச்சுக்காரர்கள் புதியவர்கள் அல்லர். 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மிச்சமும், எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டமும் இன்னும் ஊரில் உள்ளன. அந்த நாட்டில் ஆங்கிலப் படங்களையும் தொடர்களையும் பெரியவர்களுக்காகக் குரல்மாற்றுவதில்லை. ஆங்கில ஒலியை அப்படியே விட்டு, அடியில் டச்சு எழுத்தை ஓட்டுகிறார்கள். பக்கத்திலுள்ள ஜெர்மனியில் பெரும்பாலும் ஜெர்மன் குரலில்தான் வரும். கோல்ஸ்ட்ரா, பேன்ட்யெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தோடு ஆங்கில ஆவணப் படத்தைப் பார்த்த டச்சுப் பள்ளிக் குழந்தைகள், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஆங்கிலச் சொற்களைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது.

அடியில் ஓடும் எழுத்து எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. மிட்டரர், மெக்வீன் என்ற இருவர் 2009-இல் டச்சு மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியப் பேச்சு வழக்குகளில் அமைந்த காட்சிகளை ஒரு குழு ஆங்கில எழுத்தோடு பார்த்தது, இன்னொரு குழு டச்சு எழுத்தோடு பார்த்தது. ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அந்த வழக்கின் ஒலி நன்றாகப் பிடிபட்டது. டச்சு எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அதே ஒலியைப் பிடிப்பது கடினமாயிற்று. கதையின் பொருள் புரிய வேண்டுமானால் தாய்மொழி எழுத்து உதவுகிறது. காது பழக வேண்டுமானால் ஒலியின் மொழியிலேயே எழுத்தும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது வகையை இந்தியாவில் வேறொரு காரணத்துக்காகப் பயன்படுத்தியவர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.-இல் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி. இந்திப் பாட்டு ஓடும்போது இந்தி வரியையே திரையில் ஓட்டினால், அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர் தினமும் அரை மணி நேரம் தெரியாமலேயே படித்துப் பழகுவார் என்பது 1996-இல் அவருக்குத் தோன்றிய எண்ணம். 2002-இல் அது தூர்தர்ஷனின் சித்ரஹார் பாட்டு நிகழ்ச்சி வரை போனது. தமிழ்நாட்டின் குழந்தைத் தொலைக்காட்சிகள் வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு கார்ட்டூனை ஆங்கில ஒலியோடும் ஆங்கில எழுத்தோடும் விட்டால் எவ்வளவோ நடக்கும். கதை ஏற்கெனவே தமிழில் பார்த்த கதையாக இருந்தால் பொருளுக்குத் தடுமாற வேண்டியதில்லை.

காது பழகுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நம் எழுத்திலிருந்தே சொல்லலாம். தமிழில் ககரம் ஒன்றே. சொல்லின் முதலில் ஒரு விதமாகவும் நடுவில் வேறு விதமாகவும் ஒலிக்கும். பேச்சில் இரண்டும் இருந்தாலும், அந்த வேறுபாட்டால் பொருள் மாறும் என்ற எதிர்பார்ப்போடு நம் காது வளரவில்லை. ஆங்கிலத்தில் மேலங்கிக்கும் ஆட்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரே ஒலிதான். இரண்டையும் நாம் ‘கோட்’ என்றே எழுதுகிறோம். அழுத்தம் இன்னும் பெரிய தொல்லை. தமிழில் அசைகள் ஏறக்குறைய ஒரே கனத்தில் வரும். ஆங்கிலத்தில் ஓர் அசை எழும்பும், மற்றவை அமுங்கும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி என்ற இரண்டும் கடலில் பேசும் கருவியின் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையே ஒரு படகின் உயிர் இருக்கலாம். பாடப் புத்தகத்தில் எவ்வளவு படித்தாலும் இது தீராது. இங்கேதான் வானொலியும் தொலைக்காட்சியும் கரும்பலகையால் முடியாததைச் செய்யும்.

ஆனால் கேட்டால் மட்டும் போதுமா? இதற்கு ஆய்வுகள் தெளிவாக விடை சொல்கின்றன. அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட சோதனையில், ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு அமர்வுகளில் விளையாடியபடி பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்களை, அதே பேச்சை, அதே அளவு நேரம் திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஒலியை மட்டும் கேட்ட குழந்தைகளும் அப்படியே. இதற்கும் முன்பு, 1981-இல் சாக்ஸ் முதலிய மூவர் எழுதிய ஒரு நிகழ்வு உண்டு. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது நன்றாகக் கேட்கும் சிறுவன் அவன். வீட்டில் பேச ஆள் இல்லை, ஆங்கிலம் பெரும்பாலும் தொலைக்காட்சியிலிருந்துதான் வந்தது. மூன்றே முக்கால் வயதில் அவனிடம் சொற்கள் இருந்தன. வாக்கியம் ஆங்கில வாக்கியமாக அமையவில்லை. ஆள் வைத்துப் பேச ஆரம்பித்ததும் விரைவில் தேறினான்.

இவை மிகச் சிறிய குழந்தைகளைப் பற்றியவை. பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. டச்சுக் குழந்தைகள் திரையிலிருந்தே சொற்களைப் பிடித்தார்கள் என்று மேலே பார்த்தோம். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்க ஆங்கிலம் அறிந்தவர்கள் அவர்களைச் சுற்றிலும் இருந்தார்கள். அவர்களுடைய மொழியே ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவு. காட்டுப்பள்ளிப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. வெப், ரோஜர்ஸ் என்பவர்கள் 2009-இல் கணக்கிட்டபடி, ஆங்கிலத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும் சொற்களில் 95 விழுக்காட்டை அறிய அடிக்கடி வழங்கும் 3,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். அந்த 3,000-ஐ எட்டாத பிள்ளையை ஆங்கிலச் செய்தியின் முன்னால் உட்காரவைத்தால் அது வெறும் இரைச்சல். ‘தானாக வரும்’ என்ற அறிவுரை, ஏற்கெனவே பாதி தெரிந்தவனுக்குச் சொல்ல வேண்டியது. ஒன்றும் தெரியாதவனுக்கு அதைச் சொல்வது, தெரியாததற்கு அவனையே குற்றவாளியாக்குவதில்தான் முடிகிறது. இந்த அறிவுரையை நான் வெறுப்பதற்குக் காரணம் அதுதான்.

இந்தச் சிக்கலை வானொலிக்காரர்கள் வெகுநாள் முன்பே உணர்ந்திருந்தார்கள். பி.பி.சி. 1943-இல் வானொலி வழி ஆங்கிலப் பாடம் தொடங்கியது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959 அக்டோபரில், சுமார் 1,500 சொற்களுக்குள், குறுகிய வாக்கியங்களில், நிறுத்தி நிதானமாகப் படிக்கும் செய்தியைத் தொடங்கியது. சீனாவில் 1982-இல் பி.பி.சி.யின் ‘ஃபாலோ மீ’ தொடரைச் சீன விளக்கத்தோடு அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது, அது ஒரு நாடே சேர்ந்து உட்கார்ந்த வகுப்பாயிற்று. வங்கதேசத்தில் 2009-இல் பி.பி.சி. ஜனாலா என்ற பெயரில், கைப்பேசியில் 3000 என்ற எண்ணை அழுத்தினால் மூன்று நிமிடப் பாடம் கேட்கும் ஏற்பாடு வந்தது. இவை சொற்களைக் குறைத்தன, வேகத்தைக் குறைத்தன, தாய்மொழியைத் துணைக்கு அழைத்தன. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றில் கேட்பவர் கேட்பவராகவே இருந்தார்.

அதை மாற்றிய ஏற்பாடு 1970-களின் நடுவில் நிகராகுவாவில் கணக்குப் பாடத்துக்காகப் பிறந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் அமைத்த அந்த வானொலிப் பாடத்தில் குரல் கேள்வி கேட்கும், பிறகு சில நொடிகள் பேசாமல் இருக்கும். அந்த இடைவெளியில் வகுப்பு முழுவதும் சேர்ந்து விடை சொல்லும். பிறகு குரல் சரியான விடையைச் சொல்லும். தவறாகச் சொன்னவன் தானே திருத்திக்கொள்வான். 1980-களின் முதற் பாதியில் கென்யாவில் இதே முறையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகள், நாள்தோறும் அரை மணி நேரம். ஆசிரியருக்கே ஆங்கிலம் தடுமாறும் நாட்டுப்புறப் பள்ளிகள் அவை. வானொலிக் குரல் ‘எழுந்து நில்’ என்னும், பிள்ளைகள் எழுவார்கள். ‘கையில் என்ன’ என்னும், சொல்வார்கள். பாட்டு வரும், ஆடுவார்கள். இந்த வகைப் பாடத்தில் அரை மணி நேரத்துக்குள் ஒரு குழந்தை சுமார் நூறு முறை வாய் திறக்கிறது அல்லது உடம்பை அசைக்கிறது. வழக்கமான வகுப்பில் நாற்பது பேரில் ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் ஒரு முறை வாய்ப்பு வந்தாலே பெரிது. கென்யாவில் வானொலிப் பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் படிப்பதிலும் மற்ற பிள்ளைகளை முந்தினார்கள். புனேயைச் சேர்ந்த சென்டர் ஃபார் லேர்னிங் ரிசோர்சஸ் என்ற அமைப்பு ‘வி லேர்ன் இங்கிலீஷ்’ என்ற ஒலித்தொடரை மராத்தி வழிப் பள்ளிகளுக்காக உருவாக்கியதும் இதே தடத்தில்தான்.

குரல் பேசாமல் இருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் மொழி கற்கப்படுகிறது என்பது என் முடிவு. குழந்தை வாய் திறக்க இடம் இல்லாத நிகழ்ச்சியை எத்தனை கோடி செலவில் எடுத்தாலும் அது பார்க்கத்தான் பயன்படும்.

தமிழ்நாட்டுக்கு இதெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1959-இல் சென்னை மாநிலத்தில், ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரும் முயற்சி நடந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் பலருக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு என்று போகும் ஏற்பாடு அது. மேலே இருந்து கீழே வரும்போது ஒவ்வொரு படியிலும் ஒலி தேய்வது இவ்வகை ஏற்பாடுகளின் இயல்பான குறை. ஒலிப்பதிவால் ஆகக்கூடிய பெரிய உதவி இதுதான். கடைசிப் பள்ளிக்கும் முதல் குரலே போய்ச் சேரும்.

1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கல்வி ஆய்வாளர் என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னைப் பகுதிகளின் சில பள்ளிகளில் நடத்திய சோதனை இன்னும் முக்கியமானது. அவர் இலக்கணம் நடத்தவில்லை. ஒரு வரைபடத்தையோ ரயில் நேர அட்டவணையையோ கொடுத்து, ‘இந்த ஊரிலிருந்து மத்தியானத்துக்குள் அந்த ஊர் போக எந்த வண்டி’ என்பதுபோல ஒரு வேலையை ஆங்கிலத்தில் வைத்தார். பிள்ளைகளின் கவனம் விடையில் இருக்கும். ஆங்கிலம் அதன் வழியே ஊறும். பிற்பாடு உலகம் முழுவதும் ஆங்கிலக் கல்வியில் ‘டாஸ்க்’ என்று பெயர் பெற்ற வழிக்கு நம் பக்கத்து அரசுப் பள்ளிகளும் பிறப்பிடம். அந்தப் பெருமையை நம் பாடத்திட்டக்காரர்களே மறந்துவிட்டது எனக்கு வருத்தம்தான்.

2019 ஆகஸ்டில் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அரசு கேபிளில் 200-ஆம் எண். அடுத்த ஆண்டே கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது, வகுப்புவாரிப் பாடங்களை அது சுமந்தது. கைப்பேசி இல்லாத வீடுகளுக்கு அதை விட்டால் வேறு பள்ளி இல்லாத மாதங்கள் உண்டு. அந்த ஆசிரியர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அதன் ஆங்கில வகுப்புகளில் நான் பார்த்த பலவும் கரும்பலகையைத் திரைக்கு மாற்றியவை. ஆசிரியர் பாடத்தைப் படிக்கிறார், தமிழில் பொருள் சொல்கிறார், வினா விடை எழுதுகிறார். எதிரே இருக்கும் பிள்ளை வாயே திறக்காமல் பாடம் முடிந்துவிடுகிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ அந்தக் குறையை வேறு பக்கத்திலிருந்து நிரப்பியது. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே ஊரில் படித்த பெண்கள், மாலையில் தங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ ஆடலும் பாடலுமாகத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. நல்ல குரல் கல்வித் தொலைக்காட்சியிடம் இருக்கிறது, பக்கத்தில் உட்காரும் ஆள் கிடைப்பார் என்று இல்லம் தேடிக் கல்வி காட்டியது. இந்த இரண்டையும் ஒரே அறைக்குள் கொண்டுவருவதற்குப் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம்.

மீனவ ஊர்களில் குரலும் ஆளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரிக் கரை சாட்சி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே கிராம அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் ஆங்கிலத்தில் வரும் அலை உயர முன்கணிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் கரை முழுவதும் கேட்கச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், நல்லவாடு ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் சுனாமிச் செய்தி கேட்டு ஊருக்குத் தொலைபேசினார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி மூலம் ஊரையே வெளியேறச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். ஆங்கிலத்தில் இருக்கும் செய்தி, அதைப் படித்து நம் பேச்சில் சொல்லும் ஒருவர், எல்லாருக்கும் கேட்கும் ஒரு கருவி என்ற இந்தச் சங்கிலியில் நடுக் கண்ணியாக ஊரின் பிள்ளைகளே நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

காட்டுப்பள்ளிக் கரைக்கு என்ன பாடம் வேண்டும்? பொதுவான ஆங்கிலப் பாடத்தில் ஜானும் மேரியும் கடைக்குப் போய் ஆப்பிள் வாங்குவார்கள். கடலோரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாடத்திட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பல நாட்டு மாலுமிகள் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டு விபத்துகள் நடந்ததால், 1980-களில் ‘சீஸ்பீக்’ என்ற எளிய கடல் ஆங்கிலத்தை உருவாக்கினார்கள். அதன் வழியில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-இல் கடல் தொடர்புக்கான நிலைத்த தொடர்களை ஏற்றுக்கொண்டது. சொற்கள் குறைவு, வாக்கியங்கள் குறுகியவை. பேசத் தொடங்கும்போதே இது கேள்வியா, எச்சரிக்கையா, வேண்டுகோளா, தகவலா என்று முதலில் சொல்லிவிடலாம். எண்களைப் பெரும்பாலும் இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: நூற்று ஐம்பது என்றால் ஒன், ஃபைவ், ஸீரோ. மேலே சொன்ன ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பத்துக்கு உலகமே ஒப்புக்கொண்ட மருந்து அது.

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கொட்டிய எண்ணெய் இந்தக் கரை மீனவர்களின் பிழைப்பில்தான் விழுந்தது. பெரிய கப்பல்கள் போகும் தடத்தின் ஓரத்தில் ஃபைபர் படகில் இரவு தொழில் செய்கிறவர், வி.எச்.எஃப். கருவியின் பதினாறாம் அலைவரிசையில் கப்பல் பேசுவதில் தன் உயிரைத் தொடும் நான்கு வார்த்தையையாவது பிடிக்க முடிந்தால் நல்லது. கடற்காற்றுகளை வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பெயர் சொல்லி அறிந்தவருக்குத் திசையையும் வேகத்தையும் ஆங்கிலத்தில் கேட்டுப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நாள் பயிற்சி போதும். கருத்து முழுவதும் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. இன்ஜின், ஐஸ், டீசல், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் என்று பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களும் அவரிடம் இருக்கின்றன. தன் வாயில் வேறு விதமாக ஒலிக்கும் அந்தச் சொற்களை ஆங்கிலக் குரலில் அடையாளம் காண்பதே முதல் பாடமாகலாம்.

ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பையே பிரபுவின் ரயில் அட்டவணைக்குப் பதிலாக வைக்கலாம். ஒலிப்பதிவில் ஒரு குரல் அறிவிப்பை ஆங்கிலத்தில் மெதுவாகப் படிக்கும். ‘நாளை காலையில் கடலுக்குப் போகலாமா’ என்று கேட்கும். நிறுத்தும். பிள்ளைகள் சொல்வார்கள். ‘ஏன்’ என்று கேட்கும். மறுபடி நிறுத்தும். சரியான விடையை வீட்டில் அப்பாவிடமும் தாத்தாவிடமும் கேட்டுச் சரிபார்க்கலாம். ஆங்கிலப் பாடத்தில் மீனவத் தகப்பன் தன் பிள்ளைக்கு ஆசிரியராகக்கூடிய பாடம் இது ஒன்றுதான். படிப்பு வந்தால் தொழிலும் வீடும் தாழ்ந்தவை என்ற எண்ணமும் கூடவே வரும் என்ற அச்சம் பல குப்பங்களில் உண்டு. அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. தகப்பனின் அறிவைக் கேட்காமல் விடை கிடைக்காத பாடம் அந்த அச்சத்துக்குக் கொஞ்சமாவது பதில் சொல்லும்.

ஒலிபரப்புக்கும் வழி இருக்கிறது. 2006-க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த மத்திய அரசு அனுமதிக்கிறது. பாம்பனில் ‘கடல் ஓசை’ மீனவர்களுக்கென்றே நடக்கிறது. இவ்வகை நிலையத்தின் ஒலி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும். காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் ஒன்று அமைந்தால் இரு பக்கமும் கேட்கும், ஏரிக்கரை ஊர்கள் பலவும் அதற்குள் வரும். வடகிழக்குப் பருவமழையில், ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று அறிவிப்பு வந்து படகுகள் கரையேறிய நாள்களில், பள்ளிக்கும் விடுமுறை, மின்சாரமும் நின்றிருக்கும். பெட்டியில் படம் வராது; பேட்டரியில் ஓடும் வானொலி பாடும். பெரியவர்களும் வீட்டில் இருக்கும் நாள்கள் அவை. இந்த நாள்களை மனத்தில் வைத்தே பாடங்களைத் தயாரிக்க வேண்டும்.

செலவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட திட்டம் எழும்போதெல்லாம் பணம் கருவிக்கும் மென்பொருளுக்கும் போகிறது. கைப்பேசியும் ஒலிபெருக்கியும் ஊரில் ஏற்கெனவே உள்ளன. ஒலிப்பதிவை ஒரு முறை நன்றாகச் செய்தால் பத்து ஆண்டு ஓடும். ஒவ்வொரு மாலையும் செலவாவது, குரல் கேள்வி கேட்டு நிறுத்தும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து ‘சொல்லுடா, சொல்லும்மா’ என்று தூண்டும் அந்தப் பெண்ணின் நேரம்தான். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வைத்தார்கள். மீன் ஏலத்துக்கும் இறால் கம்பெனிக்கும் போனால் ஒரு பெண் சில நாள்களில் சம்பாதிக்கும் தொகை அது. துறைமுகங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஊருக்கு எதையாவது கட்டிக்கொடுக்க முன்வரும்போது, ஊர்ப் பஞ்சாயத்து கேட்க வேண்டியது இன்னொரு கட்டடத்தை அல்ல. குப்பத்துக்கு இருவர் வீதம், பத்தாண்டுக்கு, முறையான சம்பளத்தைக் கேட்க வேண்டும்.